தாத்தாவும் வரக்கூடிய ஊர்

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. மருந்துச் சீட்டு எழுதி முடிந்திருக்கும். நோயாளி எழுந்து வாசல்வரை சென்றிருப்பார். உடன் வந்த மகனோ மருமகளோ சற்றே பின்தங்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரம்மா, எல்லாரும் சேர்ந்து வெளியூர் போகலாம் என்று பேச்சு. அப்பாவைக் கூட்டிப் போகலாமா, வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?" என்று கேட்பார்.

இக்கேள்வி பெரும்பாலும் காலங்கடந்தே எங்களிடம் வருகிறது. ஊர் முடிவாகி, வேன் பேசி, அறைகளுக்கு முன்பணமும் கட்டியிருப்பார்கள். அந்நிலையில் மருத்துவர் சொல்லக்கூடிய விடைகள் இரண்டே: போகலாம், வேண்டாம். ஒரு மாதம் முன்னதாகக் கேட்டிருந்தால் மூன்றாவது விடை ஒன்று கிடைத்திருக்கும். 'அந்த ஊர் வேண்டாம். இந்த ஊருக்குப் போங்கள், அவரும் வரலாம்' என்பதே அது. அந்த மூன்றாவது விடையை நம் வாசகர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு குடும்பம், இருபத்தாறு பேர்

எங்களிடம் வரும் பல குடும்பங்களின் நிலையை ஒன்றாகத் திரட்டி, ஒரே குடும்பமாக எண்ணிப் பார்ப்போம். சாத்தூரில் பூர்விக வீடு. மூத்த மகன் சிவகாசியில், இளையவர் திருப்பூரில், மகள் சென்னையில். பேரன் பேத்தியரையும் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து இருபத்தாறு பேர். தாத்தாவுக்கு வயது எழுபத்தொன்று. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து மீண்டவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. அவருடைய தங்கைக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பட்டாசு ஆலையில் தீக்காயமுற்றுத் தோல் ஒட்டு சிகிச்சை பெற்ற மருமகன் ஒருவர். மற்றவர்கள் திடகாத்திரமானவர்கள். ஒன்பது குழந்தைகள்.

இக்குடும்பம் பல ஆண்டுகளுக்குப் பின் மூன்று நாள்கள் ஒன்றுகூட விரும்புகிறது. வழக்கமாக நடப்பது என்ன? உடல்நலம் நன்றாக உள்ள ஒருவர் ஊரைத் தேர்ந்தெடுப்பார். பிறகு, 'அந்த ஊருக்கு யார் யாரால் வர இயலும்?' என்று கணக்கெடுப்பார்கள். இயலாதவர் வீட்டில் இருப்பார். அவருக்குத் துணையாக ஒரு பெண்ணும் இருந்துவிடுவார். பெரும்பாலும் அவர்தான் ஆண்டு முழுவதும் அந்த நோயாளியைக் கவனித்தவராகவும், ஓய்வு மிகவும் தேவைப்படுபவராகவும் இருப்பார்.

நாங்கள் வேண்டுவது, இந்த வரிசையை மாற்றிவிடுங்கள் என்பதே. முதலில் ஆள்களை எழுதுங்கள். ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் அவரால் இயலாதது எது என்பதைக் குறியுங்கள். அதன்பின் ஊரைத் தேடுங்கள். அந்தப் பட்டியலை எழுதும்போது நோயாளியையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவருக்காக மற்றவர்கள் முடிவெடுப்பதைவிட, 'உங்களுக்கு எங்கே போக ஆசை?' என்று அவரிடமே கேட்பது மேல். பல பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்று அஞ்சியே 'நான் வரவில்லை' என்கிறார்கள். அச்சொல்லை முதல் முறையிலேயே அப்படியே ஏற்றுக்கொண்டுவிட வேண்டாம்.

மலைக்கா?

வெயில் கடுமையானவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவு குறைகிறது. நலமாக உள்ளவர் இதை உணர்வதே இல்லை. உடல் சற்று வேகமாக மூச்சுவிட்டும், இதயத்தைச் சற்று வேகமாகத் துடிக்கவைத்தும் ஈடுசெய்துகொள்கிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், நாள்பட்ட நுரையீரல் நோயாளர், கடும் இரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்கு அந்த ஈடுசெய்யும் ஆற்றல் குறைவு. சாத்தூரில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குபவருக்கு அங்கே சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்கக்கூடும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு. எனினும் இதயத்துக்கான உயர் சிகிச்சை தேவைப்பட்டால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையை மட்டும் கடக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும்; விடுமுறை நெரிசலில் இன்னும் கூடும். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரமே பொன்னான நேரம்.

நடைமுறைத் தடை ஒன்றும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. இரண்டு மூன்று வண்டிகளில் செல்லும் பெரிய குடும்பம், எல்லா வண்டிகளுக்கும் அனுமதி கிடைத்த பின்னரே அறைக்கு முன்பணம் கட்டுவது நல்லது.

மலையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நோய் நிலைப்பட்டு, மருத்துவர் ஒப்புதலும் இருந்தால் பலர் சென்று வரலாம். முதல் நாள் நடை, ஏற்றம், படகுச் சவாரி எதுவுமின்றி அறையில் ஓய்வெடுக்க வேண்டும். ஆனால் மாரடைப்பு வந்து நான்கே மாதங்களான நம் தாத்தாவுக்கு இந்த ஆண்டு கொடைக்கானல் ஏற்றதன்று.

அருவிக்கா?

நம் பகுதியினர் மனத்தில் அடுத்து நிற்பது குற்றாலம். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலை. சாத்தூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஊர் இருப்பது மலையடிவாரத்தில். ஆகவே பிராணவாயுக் குறைவு என்ற கவலை இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரலும் இளங்காற்றுமாக இருக்கும். மே மாதத்தில் சென்றால் பல ஆண்டுகளில் வெறும் பாறையைத்தான் காண நேரும். பள்ளி திறப்பதற்கு முன்பே சென்றுவர வேண்டும் என்று அவசரப்படுவதைவிட, ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுப்பது பயனளிக்கும். நெரிசலைத் தவிர்க்க விரும்புவோர் ஞாயிறு, திங்கள் என அமைத்துக்கொள்ளலாம்.

அருவியைப் பார்ப்பது வேறு. அருவியில் குளிப்பது வேறு. பேரருவி ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இடையில் பாறையில் மோதி வேகம் தணிந்தே வந்தாலும் தலையிலும் தோளிலும் விழும் நீரின் விசை குறைந்ததன்று. குளிர்ந்த நீர் திடீரென உடலில் படும்போது மூச்சு ஒரு கணம் தடைபட்டு, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென உயர்கின்றன. இதய நோயாளர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர், கழுத்தெலும்புத் தேய்மானம் உடையவர், வலிப்பு நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோர் அருவியின் நேர்விசையில் நிற்கக் கூடாது. டயாலிசிஸுக்கான குழாய் கழுத்திலோ மார்பிலோ பொருத்தப்பட்டவர்கள் அருவியிலும் ஆற்றிலும் அறவே குளிக்கலாகாது. அந்த இடம் நனைந்தால் கிருமித் தொற்று நேரே இரத்தத்தில் கலந்துவிடும்.

இவர்களையெல்லாம் அழைத்துச் சென்று என்ன பயன் என்று கேட்கலாம். சாரல் முகத்தில் பட, ஒரு நாற்காலியில் அமர்ந்து பேரக்குழந்தைகள் குளிப்பதைப் பார்ப்பதும் ஓர் இன்பமே. அறைக்குத் திரும்பி வெந்நீரில் குளித்துக்கொள்ளலாம்.

நீர்வரத்து கூடிவிட்டால் காவல்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். அத்தடையை எவரும் மீற வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அடிவாரத்தில் மழை இல்லாதபோதும் மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கும். நீரின் நிறம் செம்மண்ணாக மாறினாலோ, சருகும் குச்சிகளும் சேர்ந்து வந்தாலோ, குழந்தைகளுடன் உடனே வெளியேறிவிட வேண்டும்.

கடலுக்கா, கோயிலுக்கா?

திருச்செந்தூர், இராமேசுவரம், கன்னியாகுமரி ஆகியவை சமதரை ஊர்கள். மூச்சுத் தொல்லைக்கு இடமில்லை. இங்கே கவனிக்க வேண்டியவை வேறு மூன்று: வெயில், வரிசை, வெறுங்கால்.

நீண்ட நாள் சர்க்கரை நோயாளர் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். நண்பகலில் கோயிற் பிராகாரத்துக் கல்லிலோ கடற்கரை மணலிலோ அவர் நடக்கும்போது சூடு தெரியாது. மாலையில் பாதத்தில் கொப்புளம் எழுந்த பின்தான் தெரியவரும். அச்சிறு கொப்புளம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகி, விரலை இழக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதும் உண்டு. ஆகவே வழிபாட்டை அதிகாலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் கெட்டியான பருத்திக் காலுறை அணிந்து செல்லலாமா என்று முன்னதாகக் கேட்டறியுங்கள். இரவில் படுக்குமுன் பாதங்களை வேறொருவர் விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும்.

இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவது மரபு. ஈர உடையோடு, வழுக்கும் தரையில், கூட்டத்தினிடையே நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கும். இடுப்பெலும்பு தேய்ந்த பாட்டிக்கு அது ஏற்றதன்று. தீர்த்தத்தைச் சிறிது தலையில் தெளித்துக்கொண்டு தரிசனம் செய்து திரும்புவதற்கு அவருக்கு மனம் இசையுமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே சென்று வாதாட வேண்டாம்.

தீக்காயத்திலிருந்து மீண்டவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பகுதியில் அப்படிப்பட்டவர் இல்லாத உறவுக் கூட்டம் அரிது. புதிதாக வளர்ந்த தோலும் ஒட்டுப்போட்ட தோலும் வெயிலைத் தாங்கா, எளிதில் கறுத்துவிடும். ஆழமாக வெந்து ஒட்டுப்போட்ட இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், உடலின் பெரும்பகுதி வெந்தவர்களுக்கு உட்சூடு வெளியேற வழி குறைகிறது. மற்றவர்களுக்கு முன்பே வெப்பத்தால் மயங்கக்கூடும். நிழலும் காற்றும் குடிநீரும் அவர்களுக்கு அடிப்படைத் தேவை. இவற்றையெல்லாம்விடப் பெரிய துன்பம், பொது இடத்தில் பிறர் உற்றுப் பார்ப்பது. 'கூட்டம் அதிகமுள்ள கடற்கரை உங்களுக்குச் சரிப்படுமா, அமைதியான தோப்பு வீடு போதுமா?' என்று அவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் அவர் கூடுகைக்கு வர மனம் இசைந்துவிடக்கூடும்.

தொலைவு செல்ல இயலாதவர்க்கு

எங்கும் செல்ல இயலாத அளவு நலிந்தவர் வீட்டில் இருந்தால், ஊரே அவரை நோக்கி வரட்டும். பலருக்குக் குலதெய்வமாக விளங்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் சாத்தூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் உள்ளது. காலையில் அம்மனைத் தரிசித்துப் பொங்கலிட்டு, நண்பகலுக்குள் வீட்டுக்கோ ஊருக்குள் எடுத்த மண்டபத்துக்கோ திரும்பிவிடலாம். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று அங்கே பெருங்கூட்டம் கூடும். நோயாளியுடன் செல்வோர் அந்நாளைத் தவிர்த்து வேறொரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். சென்னையிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் பயணம் செய்துவந்தால், படுக்கையில் இருக்கும் ஒருவர் மூன்று நாள்கள் தம் மக்கள் அனைவரின் குரலையும் கேட்டபடி இருப்பார்.

தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும் காலத்தில்தான் நம் பகுதித் தொழிலாளர் குடும்பங்களுக்கு நீண்ட ஓய்வு கிடைக்கிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மலைப்பாதையில் மண்சரிவும் அருவியில் வெள்ளமும் நேரக்கூடிய அந்நாள்களுக்குச் சமவெளி ஊர்களே பாதுகாப்பானவை.

தங்குமிடம்: முதலில் கழிப்பறையைப் பாருங்கள்

அறையின் படங்களைக் கைப்பேசியில் அனுப்பும் விடுதியினர் கட்டிலையும் சன்னல் வழியே தெரியும் காட்சியையும் அனுப்புவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது கழிப்பறையின் படத்தை. நாற்காலிபோல் அமரும் பீங்கான் உள்ளதா? பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? தரை வழவழப்பானதா, சொரசொரப்பானதா? வாசற்படி எவ்வளவு உயரம்? முதியவர்கள் புதிய இடத்தில் விழுவது பெரும்பாலும் இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில்தான். இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் கூடுகையின் நினைவு ஆண்டுக்கணக்கில் கசக்கும். ஒரு சிறிய இரவு விளக்கு, ஒரு ரப்பர் மிதியடி ஆகிய இரண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

பெரிய குடும்பங்கள் தங்கும் முறைகள் மூன்று. கல்யாண மண்டபத்தை எடுத்து, ஜமுக்காளம் விரித்து எல்லாரும் ஒரே கூடத்தில் படுப்பது செலவு குறைந்தது, குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் தரையில் படுத்து எழ முடியாதவர்களுக்கும், இரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருபவர்களுக்கும் அங்கே கட்டிலும் அமைதியும் கிடைப்பதரிது. மண்டபம் எடுத்தால் மணமக்கள் அறை இரண்டையும் நோயாளிகளுக்கே ஒதுக்குங்கள். இரண்டாவது, விடுதியில் எட்டுப் பத்து அறைகள். அவை ஒரே தளத்தில் அமைகின்றனவா, மின்தூக்கி உண்டா, மின்வெட்டின்போது அது இயங்குமா என்று கேளுங்கள். பெரியவருக்குத் தரைத்தள அறையே வேண்டுமென்று எழுதி வாங்குங்கள். மூன்றாவது, முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பது. அடுக்களை இருக்கும், உப்பில்லாத சாம்பார் ஒரு பாத்திரம் தனியே வைக்கலாம். சர்க்கரை, சிறுநீரக நோயாளர் உள்ள குடும்பத்துக்கு இதுவே உகந்தது. ஆனால் சமைக்கும் வேலை முழுவதும் மருமகள்கள் தலையில் விழுந்தால் அவர்களுக்கு அது விடுமுறையாகாது. சமையலுக்கு ஆள் பேசுங்கள், அல்லது முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் முறையில் சேரட்டும்.

குளியலறைக்குள் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவி இருந்தால் அந்த அறையை ஏற்க வேண்டாம். மூடிய அறையில் அது எரியும்போது நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிப்பவர் மயங்கி உயிரிழக்க நேரும். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதிலும் அதே ஆபத்து உள்ளது.

விடுதி அருவியருகிலோ கடலருகிலோ இருக்க வேண்டியதில்லை. குற்றாலத்துக்குச் செல்வோர் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியில் தங்கலாம். அங்கே மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை உண்டு. இரவில் அமைதியும் உண்டு. முன்பணம் கட்டுமுன் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: 'இங்கிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் மருத்துவமனைக்கு இரவு இரண்டு மணிக்கு எத்தனை நிமிடத்தில் செல்லலாம்?' அரை மணிக்கு மேலாகும் என்றால், அண்மையில் நோயுற்றவர் உள்ள குடும்பத்துக்கு அந்த விடுதி வேண்டாம்.

பயணம்

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வோருக்குக் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று கூறுகிறது. விமானத்துக்கு மட்டுமன்றிப் பேருந்து, கார், இரயில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடக்கச் செய்யுங்கள். அதிலும் கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தவிர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளின் பயணத்துக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஏற்ற காலம். அதுவும் மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலுடன்.

நீர் பிரியும் மாத்திரை உட்கொள்ளும் இதய நோயாளர் வேன் பயணத்தில் கூச்சப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். அதன் விளைவு அன்றிரவே மூச்சுத்திணறலாக வரலாம். இவர்களுக்குக் கழிப்பறை உள்ள இரயிலே நல்லது. சாத்தூர் நிலையம் மதுரை–திருநெல்வேலி இருப்புப்பாதையில் உள்ளது. தென்காசிக்குச் செல்வோர் விருதுநகர்–சிவகாசி–இராஜபாளையம் வழிச் செல்லும் பாதையில் சிவகாசியில் ஏறிக்கொள்ளலாம். இளையவர்கள் சாமான்களுடன் வேனில் முன்னே செல்லட்டும்.

இரயிலில் செல்வோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். உறவினருக்குக் கொடுக்கவென்று பட்டாசுப் பெட்டியை எடுத்துச் செல்வது நம் ஊர் வழக்கம். இரயிலில் அது குற்றம். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. சமையல் எரிவாயு உருளையும் அவ்வாறே. 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில் மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி, உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் ஒன்பது பேர் மாண்டனர். தீயின் குணத்தை நம்மைவிட நன்கறிந்தவர் எவர்?

மருந்துப் பை

மருந்துப் பை ஒருவர் பொறுப்பில், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளோடு வண்டியின் கூரைமேல் அன்று. தங்கும் நாள்களுக்கு மேல் மூன்று நாள்களுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை நோயாளியின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கடைசி இ.சி.ஜி., மருந்துச் சீட்டு, மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து இருவரிடம் வைத்திருங்கள். 108 ஊர்தியை அழைக்கும்போது சொல்வதற்காக விடுதியின் முகவரியையும் அடையாள இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசு குளிர்நிலையில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பயன்படுத்திக்கொண்டிருக்கும் புட்டியைப் பெரும்பாலும் நான்கு வாரங்கள்வரை சாதாரண அறையில் வைத்திருக்கலாம். ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுச்சென்றால் ஒரே பிற்பகலில் அதன் ஆற்றல் கெடத் தொடங்கும். சாப்பாடு வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், இலை போட்ட பிறகே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கூட்டு விருந்துகளில் சர்க்கரை ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். ஊசி போட்டபின் பந்திக்குக் காத்திருந்து, சர்க்கரை இறங்கி மயங்குபவர்களும் உண்டு.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறையைக்கூடத் தவறவிடலாகாது. வெளியூரில் செய்துகொள்வதாயின் சில வாரங்களுக்கு முன்பே அங்குள்ள மையத்தில் இடம் கேட்டு, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளையும் அனுப்ப வேண்டும். வழியில் இளநீரும் பழங்களும் அவருக்கு ஆகா. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே பாதிக்கும். குற்றாலத்து மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் அன்புடன் நீட்டும் குழந்தைகளுக்கும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

அவர்கள் என்ன முடிவெடுக்கலாம்?

நம் இருபத்தாறு பேரிடம் திரும்புவோம். பட்டியலை எழுதியவுடன் பாதி விடை தானே வந்துவிடுகிறது. அத்தைக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்; ஆகவே சனி காலை புறப்பட்டுத் திங்கள் மாலைக்குள் திரும்பியாக வேண்டும். தாத்தாவுக்கு உயரம் ஆகாது. ஆகவே கொடைக்கானல் இல்லை. மருமகனுக்கு வெயில் ஆகாது; ஆகவே கோடைக் கடற்கரை இல்லை. மருமகளுக்கு நெடும்பயணம் வேண்டாம். ஆகவே மூன்று மணி நேரத்துக்குள் சேரும் ஊர். ஜூலையில், சாரல் காலத்தில், தென்காசியில் தரைத்தளத்தோடு கூடிய ஒரு வீடு; சமையலுக்கு ஓர் ஆள்; மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில். பெரியவர்கள் இரயிலில், மற்றவர்கள் வேனில். நலிந்த நால்வருக்காகத் தேடியது இருபத்தாறு பேருக்கும் பொருந்தும் ஊராக அமைந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. வீட்டில் ஆண்டு முழுவதும் தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மூத்த மருமகள். அந்த மூன்று நாள்களுக்கு மருந்துப் பை அவர் கையில் இருக்க வேண்டாம். சென்னையிலிருந்து வரும் மகள் அதை வாங்கிக்கொள்ளட்டும்; எந்த மாத்திரை எப்போது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மூத்த மருமகள் அருவியில் ஆற அமரக் குளித்துவிட்டு வரட்டும்.

இந்த ஆண்டு உங்கள் குடும்பம் ஒன்றுகூட எண்ணியிருந்தால், அடுத்த முறை எங்களிடம் வரும்போது கேள்வியை வாசலில் அன்றி, மருத்துவரின் எதிரே, நோயாளியையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். எங்கே போகலாம் என்று நாம் சேர்ந்தே ஆராய்வோம்.

சென்று, மகிழ்ந்து, அனைவரும் நலமாகத் திரும்புக.